ஆரஞ்சு வளையம் போட்ட உள்ளான்

சான் அந்தோனியோ ஓஸ்தே,
மார்ச் 14, 2004

அன்புத் தம்பி ருஃபினோவுக்கு,

அக்கா எலிதா எழுதுகிறேன். நானும் நாய் புல்காவும் சுகம். முட்டிவலிதான் காற்றடிக்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறது. இந்த ஊரில் காற்றடிக்காத நாள் எது என்று நீ கேட்பாய். உன் உடம்பு எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை காப்பியைக் குடித்தே காலம் தள்ளுகிறாயா?

செம்மார்பு உள்ளான்கள் வந்துவிட்டன. அவற்றின் பின்னாலேயே பறவைக்காரர்களும் வந்து கூடாரம் போட்டிருக்கிறார்கள். மீன் ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு இந்த வருஷமும் அவர்களுக்கு நான்தான் சமையல். நேற்று பறவை ஆராய்ச்சி செய்கிற கிரிசெல்தா டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, “வருஷா வருஷம் எங்களுக்கு ஆக்கிக் கொட்டுற. இந்தா, இத நீ விடு” என்று ஒரு பறவையைக் கையில் கொடுத்துவிட்டார். காலில் ஆரஞ்சு வளையம், அதில் எச்-7 என்று எழுதியிருந்தது. அம்மாடி, அதன் நெஞ்சு அடித்த அடி! விரலைத் திறந்தேன், போய்விட்டது.

ஆனால் கூட்டம் சிறுத்துவிட்டது தம்பி. நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவை எழும்பினால் டீச்சர் பாடத்தை நிறுத்துவார், அவ்வளவு இரைச்சல். இப்போது எழும்பினால் திரும்பிப் பார்க்க ஆளில்லை. டாக்டரம்மா எண்ணிவிட்டு வந்து சாப்பாட்டில் கையே வைக்கவில்லை.

வழக்கம்போல மே மாதம் அவை உன் கரையில் இறங்கியதும் ‘வந்துவிட்டன’ என்று எழுது. முடிந்தால் என் எச்-7 கண்ணில் படுகிறதா பார். அந்தக் கடிதம் வந்தால்தான் நீயும் பத்திரமாக இருக்கிறாய் என்று என் மனசு அடங்கும். சிரிக்காதே. அப்பாவைக் கடல் கொண்டுபோன பிறகு நீ அம்மாவின் ஜெபமாலையைத் தொட்டுச் சொன்ன வார்த்தை ஞாபகம் இருக்கட்டும். கரை வேலை மட்டும்தான். படகில் கால் வைக்கக் கூடாது.

உன் அக்கா,
எலிதா

•

ஆஷ்டன் துறை, நியூஜெர்சி,
ஏப்ரல் 4, 2004

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் முட்டிக்கு ஆட்டுக்கொழுப்பைச் சுடவைத்துத் தேய், மருந்துக்கடைக் களிம்பை நம்பாதே.

குடியிருப்பது அதே ஒத்தீலியா வீட்டுப் பின்னறையில்தான். போர்த்தோ ரிக்கோக்காரி. துவரையும் சோறும் போட்டே என்னைக் கொழுக்கவைக்கிறாள். “ஏன்டா, இன்னும் ரெண்டு கரண்டி வாங்குனா உங்க அக்கா அங்கேருந்து அடிக்கவா போறா?” என்பாள். உன்னைப் பார்க்காமலேயே உனக்குப் பயப்படுகிறாள்.

வேலை தெரிந்ததுதான். லாட நண்டு முட்டையிடக் கரையேறும் காலம் வரப்போகிறது. அதுவரை ஐஸ் அறையில் கிடக்கும் பழைய நண்டை நாலாக வெட்டிச் சங்கு பிடிக்கும் கூண்டுகளுக்கு இரை வைக்கிறேன். சங்குக்கு முட்டை நிறைந்த பெண் நண்டு என்றால் உயிர். ஆண் நண்டை மோந்துகூடப் பார்க்காது. அதனால் முதலாளி வெர்னனுக்கும் பெண் நண்டுதான் வேண்டும். அலை புரட்டிப்போட்டு மல்லாந்து கிடக்கும் நண்டைக் கண்டால் இந்த ஊர்க்காரர்கள் சின்னக் குழந்தைமுதல் குனிந்து நிமிர்த்திவிட்டுத்தான் போவார்கள். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. நிமிர்த்திவிடுகிறேன், அப்புறம் அதையே தூக்கி லாரியில் போடுகிறேன். போன வருஷம் ஒருநாள் இதை நினைத்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எச்-7 வந்தால் உன் முத்தத்தைச் சொல்கிறேன். கரையில்தான் இருக்கிறேன், பயப்படாதே.

தம்பி,
ருஃபினோ

•

சான் அந்தோனியோ ஓஸ்தே,
ஏப்ரல் 25, 2004

அன்புத் தம்பிக்கு,

இங்கே சுகம். நீ கல்லுக்குண்டாகவே இரு.

கிளம்பிவிட்டன. திங்கட்கிழமை மாலை, நீர் ஏறும் நேரம், ஒரேயடியாக எழும்பி வடக்கே திரும்பின. கூட்டத்தில் எச்-7 இருந்ததா என்று தெரியவில்லை. அந்த உயரத்தில் வளையம் எங்கே தெரியப்போகிறது?

பறவைகள் கொத்தித் தின்கிற மட்டிப் பாறைமேல் சுற்றுலாக்காரர்கள் நாலுசக்கர மோட்டாரை ஓட்டி நாசம் பண்ணியிருக்கிறார்கள். சில பறவைகள் போதிய அளவு தின்னாமலேயே கிளம்பின என்றார் டாக்டரம்மா. “பரவாயில்லம்மா, என் தம்பி ஊர்ல எறங்கி நல்லா சாப்பிடும்ல?” என்றேன். அங்கே என்னதான் தின்னும் என்று கேட்டேன். லாட நண்டின் முட்டையாம். அதைத் தின்று உடம்பு இரண்டு பங்கானால்தான் பனிநாட்டுக்குப் போய்க் குஞ்சு பொரிக்க முடியுமாம். அந்த முட்டைதான் இப்போது குறைந்துகொண்டே போகிறதாம், பெண் நண்டை இரைக்கு அள்ளுகிறார்களாம்.

சட்டியைத் தேய்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ருஃபினோ, நீ வெட்டுவது அந்த நண்டைத்தானே?

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. நானும் ஆலையில் மீன் வயிற்றைக் கிழித்துத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் நண்டு தீர்ந்துபோனால் அந்த முதலாளி உன்னை என்ன வேலைக்கு அனுப்புவான்? பதில் போடு.

அக்கா எலிதா

•

ஆஷ்டன் துறை,
மே 27, 2004

அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

வந்துவிட்டன. உன் எச்-7ம் வந்துவிட்டது. என் கண்ணால் பார்த்தேன். ஆரஞ்சு வளையம், எழுத்து சுத்தமாகத் தெரிந்தது. நல்ல கொழுகொழு என்று இருக்கிறது. கரை முழுக்க நண்டு முட்டை பச்சைப்பச்சையாகக் கிடக்கிறது. நீ வீணாகக் கவலைப்படாதே.

கையில் ஏதோ பூச்சி கடித்து வீங்கியிருக்கிறது. அதனால்தான் எழுத்து கோணல்.

ருஃபினோ

•

சான் அந்தோனியோ ஓஸ்தே,
ஜூன் 17, 2004

ருஃபினோ,

நான் சுகம் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

எச்-7 உன் ஊருக்கு வரவில்லை. மே மாதம் முதல் வாரத்தில் துறைமுகச் சுவருக்கு அந்தப் பக்கம் பாசிக் குவியலில் புல்கா மோந்துகொண்டு நின்றாள். போய்ப் பார்த்தேன். அதுதான். கூட்டம் போன பிறகு பறக்கத் தெம்பில்லாமல் தங்கிச் செத்திருக்கிறது. நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது, சதையே இல்லை. வளையத்தைக் கழற்றிக்கொண்டு வந்தேன். சர்க்கரை டப்பாவுக்குள் இருக்கிறது, இப்போதும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உனக்குச் சொன்னால் கலங்குவாய் என்று சும்மா இருந்தேன்.

இப்போது சொல், நீ எதைப் பார்த்தாய்?

உன் பழைய கடிதங்களை எடுத்து மேஜைமேல் விரித்து வைத்தேன். இது வேறு ஆள் எழுதிய எழுத்து மாதிரி இருக்கிறது. ஒத்தீலியா என்ன சமைத்தாள் என்று ஒரு வரி இல்லை. என்னைக் கிண்டல் பண்ணவில்லை. என் முட்டியைக் கேட்கவில்லை. கரையில்தான் இருக்கிறேன் என்ற வார்த்தையைத் தேடித் தேடிப் பார்த்தேன், அதுவும் இல்லை.

நீ படகில் ஏறிவிட்டாய். என்னமோ நடந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறதடா. திட்டமாட்டேன், உண்மையை எழுது.

அக்கா

•

சான் அந்தோனியோ ஓஸ்தே,
ஜூலை 20, 2004

என் கண்ணே ருஃபினோ,

பதில் இல்லை. தபால்காரர் என்னைத் தெருமுனையில் பார்த்தாலே தலையை ஆட்டிவிட்டு சைக்கிளை மிதிக்கிறார். நீ முதல் வருஷம் கொடுத்த முதலாளியின் எண்ணுக்குக் கடைத்தெரு பூத்திலிருந்து போன் போட்டேன். ஒரு ஆள் எடுத்தான். “ருஃபினோ, ருஃபினோ அந்தினாவோ” என்று கத்தினேன். ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டான். திரும்பப் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூத்துக்காரப் பெண் பாவம், காசு வாங்க மாட்டேன் என்றாள்.

உன் ஊரில் இப்போது கோடை, இங்கே குளிர் பிடித்துவிட்டது. வளைகுடா தகரம் மாதிரி கிடக்கிறது. அதைப் பார்க்கவே பிடிக்காமல் ஆலைக்குச் சுற்றுவழியில் போகிறேன். அப்பாவைக் கடல் கொண்டுபோன வாரம் அம்மா இப்படித்தான் சுற்றுவழியில் போனாள். அப்போது எனக்குப் புரியவில்லை.

பொய்யாவது எழுது. ஒரு வெற்றுத்தாளையாவது உறையில் போட்டு அனுப்பு. உன் கைபட்ட உறை வந்தால் போதும்.

அக்கா

•

சான் அந்தோனியோ ஓஸ்தே,
ஜூலை 20, 2004

மதிப்புக்குரிய ஒத்தீலியா அம்மையாருக்கு,

நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் பின்னறையில் இருக்கும் ருஃபினோவின் அக்கா நான். உங்கள் துவரைச் சோற்றை அவன் எழுதி எழுதியே எனக்கு ருசி தெரியும்.

ஒரே ஒரு கேள்வி. என் தம்பி உயிரோடு இருக்கிறானா?

அவனிடம் மே மாதத்துக்குப் பிறகு ஒரு வரி இல்லை. என் மனசு தாங்காது என்று நினைத்து எதையும் சர்க்கரை தடவிச் சொல்ல வேண்டாம். பத்தொன்பது வயதில் அப்பாவின் பூட்ஸைக் கரையில் அடையாளம் காட்டியவள் நான். தெரியாமல் இருப்பதுதான் என்னால் முடியவில்லை.

உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

எலிதா அந்தினாவோ

•

ஆஷ்டன் துறை,
ஆகஸ்ட் 14, 2004

அன்புள்ள எலிதாவுக்கு,

உயிரோடு இருக்கிறான். அதை முதலில் படித்துவிட்டு, உட்கார்ந்துகொண்டு மீதியைப் படியுங்கள். எனக்குக் கோர்வையாக எழுத வராது.

இந்த வருஷம் கரையில் நண்டு ஏறவில்லை. ஏப்ரல் கடைசியில் ஐஸ் அறையும் காலி. வெர்னன் இவனைக் கூப்பிட்டு, “கரையில ஒண்ணும் இல்ல. கடல்லதான் வாரணும். ஏறுறியா, மூட்டையக் கட்டுறியா?” என்றிருக்கிறான். இவனிடம் இந்த நாட்டில் இருக்கக் காகிதம் ஏதும் கிடையாது, உங்களுக்கும் தெரியும். ஏறினான். முதல் இரண்டு முறை திரும்பி வந்து என் குளியலறையில் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். “இவ்ளோ பயந்தா ஏன்டா போற?” என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்தான். அடுத்த முறை வலையை இழுக்கும்போது அதைச் சுற்றி இழுக்கும் விஞ்சு இயந்திரத்தின் கயிறு வலது கையை உருளைக்குள் இழுத்துவிட்டது.

வெர்னன் ஒரு துணியைச் சுற்றிக் கொண்டுவந்து என் வாசலில் இறக்கினான். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும், அப்படியே நாடு கடத்திவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் அதை நம்பினேன். எனக்குத் தெரிந்த மருந்தைப் போட்டேன். மேலே ஆறிற்று.

அந்த மே மாதக் கடிதத்தை இடதுகையால் எழுதினான். அரைநாள் எழுதினான். “அக்காவுக்குப் பறவ வந்தாச்சுன்னு தெரிஞ்சா போதும், நிம்மதியா இருப்பா. பறவையா வந்து என்னக் காட்டிக்குடுக்கப் போவுது?” என்றான். நான்தான் தபாலில் போட்டேன். உங்கள் பதில் வந்ததும் படித்தான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன்தான். அப்புறம் வந்த கடிதத்தைப் பிரிக்கவே இல்லை.

எனக்கு நீங்கள் எழுதியதை அவன் தலைமாட்டில் நின்று உரக்கப் படித்தேன். அந்தப் பூட்ஸ் வரியில் குழந்தை மாதிரி அழுதுவிட்டான். கட்டை அவிழ்க்கச் சொன்னேன். மேலே ஆறின தோலுக்கு உள்ளே அழுகியிருந்தது. நாற்றம் குப்பென்று அடித்தது. போலீஸாவது ஒன்றாவது என்று காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். யாரும் எந்தக் காகிதமும் கேட்கவில்லை எலிதா. மே மாதமே போயிருந்தால் கை இருந்திருக்கும். இப்போது மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. டாக்டர், இந்த வாரம் தாண்டட்டும் என்கிறார்.

இதில் என் பங்கும் இருக்கிறது. வேண்டுமட்டும் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஒத்தீலியா

•

ஆஷ்டன் துறை,
செப்டம்பர் 22, 2004

அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டது. சாப்பிடுகிறேன். உன் முட்டி எப்படி? இந்தக் கடிதம் இடதுகையால். இனி எல்லாமே இடதுதான், கோணலைப் பழகிக்கொள்.

நான் பார்க்கவில்லை அக்கா. ஆனால் தேடினேன். அது மட்டும் பொய் இல்லை. கட்டுப்போட்ட கையோடு மே மாதம் கரைக்குப் போனேன். கொஞ்சம் பறவைகள்தான் இருந்தன. எல்லாம் ஒல்லி. காய்ந்த மணலைக் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தன. பச்சை முட்டை ஒரு பிடி இல்லை. ஒவ்வொரு காலாகப் பார்த்தேன். எச்-7ஐப் பார்த்துவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது என்று உன் பைத்தியம் எனக்கும் பிடித்துவிட்டது. காணோம். பயந்துபோய் வீட்டுக்கு வந்து, பார்த்தேன் என்று எழுதினேன். எழுதினால் அப்படியே ஆகிவிடும் என்றுதான் நினைத்தேனோ என்னவோ.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் போட்டு இடது கையெல்லாம் சல்லடை. ஊசிமருந்து சுத்தமா என்று பார்க்க லாட நண்டின் ரத்தம்தான் வேண்டுமாம். நர்ஸ் சொன்னாள், ஒத்தீலியா எனக்குச் சொன்னாள். “நீ வெட்டிப்போட்ட நண்டுதான்டா உன்னப் பொழைக்க வச்சிருக்கு” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

டிசம்பரில் வருகிறேன். பஸ் நிலையத்துக்கு வா. என் கையைப் பார்த்து அங்கேயே அழுது ஊரைக் கூட்டாதே.

தம்பி

•

சான் அந்தோனியோ ஓஸ்தே,
ஏப்ரல் 18, 2005

அன்புள்ள ஒத்தீலியாவுக்கு,

சுகம். உன் இடுப்புவலி எப்படி? அக்கா உன் துவரைச் சோற்றைச் சமைத்துப் பார்த்தாள். நன்றாக இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்லாதே.

பறவைகள் வந்தன. போன வருஷத்தைவிடக் குறைவு. நானும் அக்காவும் கரையில் காவல் நிற்கிறோம். மட்டிப் பாறைமேல் மோட்டார் ஏறினால் அக்கா போடுகிற சத்தத்தில் ஓட்டுகிறவன் பாதையை மறந்துவிடுகிறான். டாக்டரம்மா ஒரு உள்ளானைப் பிடித்துக்கொள்ள, வளையத்தை நான் இடதுகையால் போட்டேன். ஆரஞ்சு, கே-2. கிளம்பிவிட்டது. இந்த முறை எழும்புவதற்கு முன்னாலேயே அக்கா டாக்டரம்மாவின் தொலைநோக்கியில் பார்த்தாள், கூட்டத்திலேயே இருந்தது.

மே மாதம் நீ கரைக்குப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். அக்கா வாசலுக்கும் அடுப்புக்கும் நடக்கிறாள். நானும்தான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்றே எழுது. இந்த வீட்டில் இனி அந்த மாதிரிப் பொய் வேண்டாம்.

ருஃபினோ

•

ஆஷ்டன் துறை,
மே 30, 2005

அன்புள்ள எலிதாவுக்கும் ருஃபினோவுக்கும்,

இடுப்பு அப்படியேதான் இருக்கிறது. துவரையை முந்தின நாளே ஊறவைக்க வேண்டும் எலிதா, அவனிடம் கேட்டால் உளறுவான்.

மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு தினமும் கரைக்குப் போகிறேன். ருஃபினோ விட்டுப்போன பழைய பைனாகுலரும் கையில் இருக்கிறது. ஊரில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கொஞ்சம் உள்ளான்கள் வந்தன. ஒவ்வொன்றின் காலையும் பார்த்தேன். பச்சை வளையம் இருந்தது. வெறுங்கால் இருந்தது. ஆரஞ்சு ஒன்றும் இருந்தது, எழுந்து நின்றே பார்த்தேன், எழுத்து வேறு.

நேற்று ஒரு பெண் நண்டு மல்லாந்து கிடந்தது. வெர்னனின் லாரி மேட்டில் நின்றது. ஒருத்தன் வாளியோடு இறங்கி வந்தான். நான் அவனுக்கு முன்னால் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதை நிமிர்த்திவிட்டேன். பிறகு அது தண்ணீருக்குள் போகும்வரை நாற்காலியை அவனுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டேன். “நகருங்க பாட்டி” என்றான். “முடியாதுடா” என்றேன். ரொம்ப மெதுவாகப் போயிற்று. வழியில் முட்டை இட்டதா என்று தெரியவில்லை.

கே-2ஐப் பார்க்கவில்லை. அக்கா தம்பி இரண்டு பேரும் இந்த வரிக்காகத்தான் உறையைக் கிழித்திருப்பீர்கள், தெரியும். பார்த்தேன் என்று எழுத இந்தப் பேனா இரண்டு தடவை போயிற்று. எழுதவில்லை.

இன்னும் சில நாள் அவை இங்கே இருக்கும். நாளைக்கும் போகிறேன்.

ஒத்தீலியா